சென்மிங் ஹூவும் ஃபின்ஃபெட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்மிங் ஹூ, அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மின் பொறியியல் ஓய்வுநிலைப் (எமெரிட்டஸ்) பேராசிரியர். இன்று கைப்பேசி, மடிக்கணினி, சர்வர் என்று எங்கும் பரவியிருக்கும் ஃபின்ஃபெட் டிரான்சிஸ்டர் அவருடைய குழுவில் உருவானது. டிரான்சிஸ்டர் என்பது சிப்புக்குள் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மிகச் சிறிய சுவிட்ச். நான் சிப் வடிவமைப்பில் இருக்கிறேன். அவர் எழுதிய சமன்பாடுகள் இல்லாமல் என் வேலை ஒரு நாளும் நகராது. அவரைப் பற்றி மாணவர்களும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

சுருக்கமாகச் சொன்னால், அவர் செய்தது என்ன?

சின்ன டிரான்சிஸ்டர்கள் நாளடைவில் ஏன் கெடுகின்றன என்பதற்குக் கணக்கு எழுதினார். டிரான்சிஸ்டரின் குணத்தைக் கணினி நிரலாக்கி, பிசிம் என்ற பெயரில் உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தார். அப்புறம் ஃபின்ஃபெட். பெரும்பாலானோருக்கு இந்தக் கடைசி ஒன்றுதான் தெரியும். ஆனால் மூன்றும் ஒரே பழக்கத்திலிருந்து வந்தவை என்பது என் எண்ணம். ஒரு கோளாறு கண்ணில் பட்டால் அதை அடக்கும் வழியை உடனே தேடாமல், அதன் காரணத்தை ஒரு வரியில் சொல்ல முடிகிறவரை அவர் விடமாட்டார்.

எங்கே பிறந்தார், எங்கே படித்தார்?

1947இல் பெய்ஜிங்கில் பிறந்தார், வளர்ந்தது தைவானில். தேசிய தைவான் பல்கலைக்கழகத்தில் 1968இல் இளநிலைப் பட்டம் வாங்கிவிட்டு பெர்க்லிக்கு வந்தார். 1973இல் முனைவர் பட்டம். மூன்று ஆண்டுகள் எம்.ஐ.டி.யில் உதவிப் பேராசிரியராக இருந்துவிட்டு, 1976இல் பெர்க்லிக்கே ஆசிரியராகத் திரும்பினார்.

ஆரம்பத்திலிருந்தே டிரான்சிஸ்டர்தான் அவருடைய துறையா?

இல்லை. அவர் ஆசிரியர் பணியைத் தொடங்கிய 1973இல்தான் எண்ணெய் நெருக்கடி வந்தது. ஆற்றல் தொடர்பான ஆய்வில் பல பொறியாளர்கள் இறங்கிய காலம் அது. ஹூவும் சூரிய மின்கலங்களில் வேலை செய்தார். 1983இல் அதைப் பற்றி இன்னொரு பேராசிரியருடன் சேர்ந்து ஒரு பாடநூலே எழுதினார்.

திருப்பம் வந்தது 1980 வாக்கில். பல்கலைக்கழகத்திலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தில் நினைவகச் சிப்பு உருவாக்கும் பிரிவை நடத்தப் போனார். மின்சாரம் போனாலும் தரவை மறக்காத வகை நினைவகம் அது. அந்த வகை நினைவகத்தில் எலெக்ட்ரான்களுக்கு வேண்டுமென்றே வேகம் கொடுத்து, ஆக்சைடு என்ற காப்புப் படலத்துக்குள் ஏற்றுவார்கள். அங்கே அது பயன். சாதாரண டிரான்சிஸ்டரில் அதே நிகழ்ச்சி கேடு. ஒரே இயற்பியலை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்க்கும் வாய்ப்பு அவருக்குத் தொழிற்சாலையில்தான் கிடைத்தது. ஒரு பேராசிரியர் நடுவில் ஓராண்டு தொழிற்சாலைப் பக்கம் போய்வருவதால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது வழக்கம்.

'சூடான எலெக்ட்ரான்' என்று ஏதோ சொல்கிறார்களே, அது என்ன?

1980களின் பெரிய தலைவலி அது. டிரான்சிஸ்டரில் மூன்று முனைகளை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். சோர்ஸிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்புகின்றன, டிரெயினில் போய்ச் சேருகின்றன, நடுவில் மேலே உட்கார்ந்திருக்கும் கேட் அவற்றை விடலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கிறது. கேட்டுக்கும் சிலிக்கானுக்கும் இடையில் மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கிறது.

டிரான்சிஸ்டர் சிறிதானபோது மின்னழுத்தம் அதே விகிதத்தில் குறையவில்லை. 5 வோல்ட் என்பது வெகுநாள் மாறாமலே இருந்தது. தூரம் குறைய, அழுத்தம் குறையாததால், டிரெயின் பக்கத்தில் மின்புலம் மிகக் கடுமையானது. அங்கே ஓடிவரும் எலெக்ட்ரான்களில் சில, வழியில் எதிலும் மோதாமல் தப்பித்து அளவுக்கு மீறிய ஆற்றலைச் சேர்த்துக்கொள்கின்றன. 3 எலெக்ட்ரான்வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே போய்விட்டால் ஆக்சைடின் தடையைத் தாண்டவே முடியும். போகிற போக்கில் சிலிக்கானும் ஆக்சைடும் சேரும் எல்லையில் உள்ள பிணைப்புகளை உடைத்துவிடும். இப்படி மெல்ல மெல்லச் சேதம் கூடி, புதிதாக இருந்தபோது சரியாக ஓடிய சிப்பு சில ஆண்டுகளில் தடுமாறத் தொடங்கும்.

பத்தாண்டு உழைக்குமா என்று தெரிந்துகொள்ள யாரும் பத்தாண்டு காத்திருக்க முடியாதே! இங்கேதான் ஹூ குழுவின் கெட்டிக்காரத்தனம். சூடான எலெக்ட்ரான்கள் சிலிக்கான் அணுக்களோடு மோதும்போது புதிய எலெக்ட்ரான்-துளை இணைகள் பிறக்கின்றன. துளை என்பது எலெக்ட்ரான் விட்டுப்போன காலியிடம். அந்தத் துளைகள் கீழே அடித்தளம் வழியாக வெளியேறுகின்றன. அதை ஒரு சின்ன மின்னோட்டமாக நேரடியாக அளக்கலாம். சேதத்துக்கும் இந்த அடித்தள மின்னோட்டத்துக்கும் மூலகாரணம் ஒன்றே, அதாவது டிரெயின் அருகே உள்ள அந்த உச்ச மின்புலம். ஆக, இன்று சில நிமிடங்களில் அளக்கிற ஒன்றிலிருந்து ஆயுளைக் கணக்கிட முடியும். 1985இல் வெளியான அவர்களுடைய கட்டுரை இந்தத் துறையில் அடிப்படை வாசிப்பாக நிலைத்துவிட்டது. அதன் தொடர்ச்சியாக, முழு சர்க்யூட்டின் முதுமையைக் கணினியில் கணிக்கும் 'பெர்ட்' என்ற நிரல் தொகுப்பும் பெர்க்லியில் உருவானது.

எனக்கு ஃபின்ஃபெட்டைவிட இந்த வேலைமேல்தான் பிரியம் அதிகம். அழிவைக் காட்டிக்கொடுக்கும் அடையாளத்தை அந்த அழிவின் காரணத்திலிருந்தே எடுத்துக்கொடுத்த அழகு இதில் இருக்கிறது.

சரி, ஃபின்ஃபெட்டுக்கு வருவோம். டிரான்சிஸ்டர் சிறிதாவதில் அப்படி என்ன சிக்கல்?

அணைத்தாலும் முழுசாக அணையாததுதான் சிக்கல்.

கேட் மேலே இருக்கிறது. சிலிக்கானின் மேற்பரப்பை அது நன்றாகக் கட்டுப்படுத்தும். ஆனால் அதற்குக் கீழே, சில பத்து நானோமீட்டர் ஆழத்தில், அதன் பிடி தளர்ந்துவிடும். சோர்ஸும் டிரெயினும் தள்ளித் தள்ளி இருந்தவரை இது பரவாயில்லை. அவை நெருங்கி வந்தபோது அந்த ஆழத்தில் கேட்டைவிட டிரெயினின் செல்வாக்கு ஓங்கிவிட்டது. கேட் மூடச் சொன்னாலும் கீழ்வழியாக மின்னோட்டம் கசிந்துகொண்டே இருக்கும்.

இதற்கு ஓர் அளவுகோல் உண்டு. அணைந்த நிலையில் மின்னோட்டத்தைப் பத்து மடங்கு குறைக்கக் கேட்டில் எத்தனை மில்லிவோல்ட் குறைக்க வேண்டும் என்பது அது. அறை வெப்பநிலையில் சாதாரண டிரான்சிஸ்டருக்கு இயற்கை அனுமதிக்கும் மிகச் சிறந்த மதிப்பு சுமார் 60 மில்லிவோல்ட். டிரான்சிஸ்டர் 300 மில்லிவோல்ட்டில் திறக்கத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 என்றால் ஐந்து முறை பத்து மடங்கு குறையும், அதாவது அணைத்தால் மின்னோட்டம் லட்சத்தில் ஒரு பங்காகும். கேட்டின் பிடி தளர்ந்து இந்த மதிப்பு 100 ஆகிவிட்டால் மூன்றே முறைதான் பத்து மடங்கு குறையும், ஆயிரத்தில் ஒரு பங்கு. கசிவு நூறு மடங்கு கூடிவிட்டது. ஒரு சிப்பில் நூறு கோடி டிரான்சிஸ்டர்கள் இருந்தால், எதுவும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே பேட்டரி காலியாவதற்கு இது போதும்.

அதுவரை இதற்கு என்ன வைத்தியம் செய்துகொண்டிருந்தார்கள்?

ஆக்சைடை மெலியவைத்தார்கள். கேட் சிலிக்கானுக்கு எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு பிடி. ஆனால் 2000களின் முற்பகுதியில் அந்தப் படலம் 1.2 நானோமீட்டருக்கு வந்துவிட்டது. அது வெறும் சில அணு அடுக்குகள்தான். அதற்குக் கீழே எலெக்ட்ரான்கள் படலத்தை ஊடுருவியே போய்விடும். சிலிக்கானில் மாசு அணுக்களை (வேண்டுமென்றே கலக்கும் வேற்றுத் தனிம அணுக்களை) அதிகமாகச் சேர்ப்பது இன்னொரு வழி. அதில் வேகம் குறையும், ஒரு டிரான்சிஸ்டருக்கும் பக்கத்து டிரான்சிஸ்டருக்கும் குணம் மாறும்.

ஹூவுக்கு அந்த யோசனை எப்படி வந்தது?

1990களின் நடுவில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான தார்ப்பா ஓர் அழைப்பு விடுத்தது. 25 நானோமீட்டர் அளவில் வேலை செய்யும் சுவிட்சுக்கு வழி சொல்லுங்கள், நிதி தருகிறோம் என்றது. அப்போது தொழிற்சாலைகள் 250 நானோமீட்டருக்கே தயாராகிக்கொண்டிருந்தன. 100க்குக் கீழே போவதே நடக்குமா என்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில் 25 என்பது பெரிய பாய்ச்சல்.

ஹூவுக்கு அப்போது ஜப்பான் பயணம் இருந்தது. விமானத்தில் உட்கார்ந்து கையாலேயே வரைந்து எழுதி, போய் இறங்கியதும் பெர்க்லியில் இருந்த சக பேராசிரியர்களுக்குத் தொலைநகலில் அனுப்பினார். அந்தச் சக பேராசிரியர்கள் ஜெஃப்ரி போக்கரும் ட்சு-ஜே கிங் லியுவும். மூவரும் சேர்ந்துதான் திட்டத்தை எடுத்து நடத்தினார்கள்.

அந்தத் தாள்களில் இருந்த யோசனையின் சாரம் இதுதான்: கசிவு நடப்பது கேட்டிலிருந்து தொலைவில் உள்ள சிலிக்கானில், எனவே கேட்டிலிருந்து தொலைவில் சிலிக்கானே இருக்கக் கூடாது. இத்தனை ஆண்டுகள் ஆக்சைடின் தடிமனையே பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கண்ணைச் சிலிக்கானின் தடிமன் பக்கம் திருப்பினார். உடல் போதிய அளவு மெல்லியதாக இருந்தால் கசிவதற்கு ஆழமே இல்லை. மாசு அணுக்களும் பெரிதாகத் தேவையில்லை.

அதை எப்படிச் செய்வது? ஃபின்ஃபெட்டின் அமைப்பு என்ன?

மெல்லிய சிலிக்கானை நெட்டுக்குத்தாக நிறுத்துவதுதான் வழி. தட்டையான தரையிலிருந்து மீனின் முதுகுத் துடுப்பு போல ஒரு மெல்லிய சுவர் எழுகிறது. கேட் அந்தச் சுவரை இடது, வலது, மேல் என மூன்று பக்கமும் கவ்விக்கொள்கிறது. சுவரின் ஒரு முனை சோர்ஸ், மறுமுனை டிரெயின். உள்ளே எந்த இடத்தை எடுத்தாலும் ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து கேட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

எவ்வளவு மெல்லியது? இன்டெலின் 22 நானோமீட்டர் தலைமுறையில் சுவரின் அகலம் சுமார் 8 நானோமீட்டர், உயரம் 34. சிலிக்கான் படிகத்தின் ஓர் அலகு 0.543 நானோமீட்டர். ஆக, அந்தச் சுவரின் குறுக்கே ஏறக்குறைய பதினைந்து அலகுகளே நிற்கின்றன.

நிமிர்ந்து நிற்பதால் இடமும் மிச்சம். சுவருக்குச் சுவர் இடைவெளி 60 நானோமீட்டர். மின்னோட்டம் ஓடும் பரப்போ இரண்டு பக்கமும் 34, மேலே 8, ஆக மொத்தம் 76. 60 நானோமீட்டர் நிலத்தில் 76 நானோமீட்டர் அகலம் கிடைக்கிறது.

வடிவமைப்பாளர்களுக்கு இதில் ஒரு கட்டுப்பாடும் வந்து சேர்ந்தது. பழைய தட்டை டிரான்சிஸ்டரில் அகலத்தை எங்கள் இஷ்டத்துக்குக் கூட்டலாம், குறைக்கலாம். ஃபின்ஃபெட்டில் ஒரு சுவர், இரண்டு சுவர், மூன்று சுவர் என்றுதான் எண்ண வேண்டும், இரண்டரை கிடையாது. எஸ்ரேம் என்ற வேகமான நினைவகத்தின் ஒரு கலத்தில் எந்த டிரான்சிஸ்டர் எதைவிட வலுவாக இருக்க வேண்டும் என்பதை முன்பு அகலத்தால் நுணுக்கமாகச் சரிசெய்தார்கள். இப்போது ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு இரண்டு என்ற முழு எண்களுக்குள் சமாளிக்க வேண்டியிருக்கிறது. பதிலுக்குக் கிடைத்ததை நினைத்தால் இது தாங்கக்கூடிய விலைதான்.

ஜப்பானியர்கள் இதை முன்பே செய்துவிட்டார்கள் என்கிறார்களே?

நியாயமான கேள்வி. ஹிட்டாச்சியில் டிக் ஹிசமோட்டோ என்ற ஆய்வாளரின் குழு 1989இலேயே 'டெல்ட்டா' என்ற நெட்டுக்குத்தான டிரான்சிஸ்டரை வெளியிட்டது. ஃபின்ஃபெட்டின் முன்னோடி அதுவே. பெர்க்லிக் கட்டுரைகளும் அதை மறைக்கவில்லை. ஹிசமோட்டோவே பெர்க்லிக்கு வருகை ஆய்வாளராக வந்து ஹூ குழுவுடன் வேலை செய்தார். 1998இல் வெளியான முதல் கட்டுரையில் முதல் பெயரே அவருடையதுதான்.

பெர்க்லிக் குழு சேர்த்தது என்ன? கேட் நீளம் குறையக் குறைய உடலின் தடிமனும் கூடவே குறைந்தால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம் என்ற தெளிவான விதி, 20 நானோமீட்டருக்கு அருகில் அதைச் செய்தே காட்டிய சான்று, தொழிற்சாலைக்கு ஒத்துவரும் செய்முறை. 1999இல், எலெக்ட்ரான்களுக்குப் பதிலாகத் துளைகள் ஓடும் மற்ற வகை டிரான்சிஸ்டரையும் செய்துகாட்டினார்கள். ஃபின்ஃபெட் என்ற பெயரும் அவர்கள் வைத்ததே. 'ஹூ தனியாகக் கண்டுபிடித்தார்' என்று எழுதும் செய்திகளில் ஹிசமோட்டோ, போக்கர், கிங் லியு, ஆய்வகத்தில் இரவும் பகலும் செதுக்கிய மாணவர்கள் எல்லோரும் காணாமல் போய்விடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை.

அதே திட்டத்தில் இன்னொரு யோசனையும் இருந்ததாமே?

ஆமாம். சிலிக்கானை நிறுத்தாமல் படுக்கவைத்தே மெல்லியதாக்கி, கீழே காப்புப் படலம் வைப்பது. அதற்கும் அதே தத்துவம்தான். எஸ்.டி. மைக்ரோ எலெக்ட்ரானிக்ஸ் போன்ற நிறுவனங்கள் அதை எஃப்.டி.எஸ்.ஓ.ஐ. என்ற பெயரில் தயாரிப்புக்குக் கொண்டுவந்தன. குறைந்த மின்சாரத்தில் ஓட வேண்டிய சிப்புகளில் இன்றும் அது பயன்படுகிறது.

1999இல் தயாராக இருந்ததைத் தொழிற்சாலைகள் ஏன் 2011 வரை தொடவில்லை?

தேவை வரும்வரை யாரும் உற்பத்தி வரிசையைப் புரட்டிப்போட மாட்டார்கள். நடுவில் வேறு இரண்டு மருந்துகள் கிடைத்தன. 2003 வாக்கில் சிலிக்கான் படிகத்தை இழுத்தோ அழுத்தியோ எலெக்ட்ரான்களின் வேகத்தைக் கூட்டினார்கள். 2007இல் ஆக்சைடுக்குப் பதிலாக ஹாஃப்னியம் சேர்ந்த தடித்த படலத்தைக் கொண்டுவந்து, படலத்தை ஊடுருவும் கசிவை அடக்கினார்கள். இரண்டும் தட்டை டிரான்சிஸ்டருக்குச் சில தலைமுறை ஆயுள் கொடுத்தன.

இன்னொரு பக்கம், கோடிக்கணக்கான சுவர்களை ஒரே அகலத்தில், ஒரே உயரத்தில் செதுக்குவது சாதாரண வேலையில்லை. ஆய்வகத்தில் ஒன்று நன்றாக வந்தால் கட்டுரை எழுதலாம். தொழிற்சாலையில் ஒன்று தவறினால் சிப்பு குப்பைக்குப் போகும்.

2011 மே மாதம் இன்டெல் அறிவித்தது, 2012இல் அந்தச் சிப்புகள் கடைக்கு வந்தன. இன்டெல் வைத்த பெயர் டிரை-கேட். சாம்சங்கும், தைவானின் சிப்பு உற்பத்தி நிறுவனமான டி.எஸ்.எம்.சி.யும் 2015க்குள் பின்தொடர்ந்தன. அதன்பின் முன்னணி கைப்பேசிச் சிப்புகளில் தட்டை டிரான்சிஸ்டரைப் பார்ப்பது அரிது.

பிசிம் என்றால் என்ன? அதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறீர்கள்?

ஒரு சிப்பைச் செய்துபார்க்கக் கோடிகள் செலவாகும். அதனால் முதலில் கணினியில் ஓட்டிப் பார்க்கிறோம். அதற்கான ஸ்பைஸ் என்ற நிரலும் பெர்க்லியில், 1970களின் தொடக்கத்தில் உருவானதுதான். ஸ்பைஸுக்கு சர்க்யூட்டின் இணைப்புகள் தெரியும், டிரான்சிஸ்டரின் குணம் தெரியாது. 'கேட்டில் இவ்வளவு, டிரெயினில் இவ்வளவு வோல்ட் கொடுத்தால் எவ்வளவு மின்னோட்டம்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் சமன்பாட்டுத் தொகுப்பு வேண்டும். அதுதான் பிசிம்.

வடிவமைப்பாளரின் மேசையில் அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். உற்பத்தி நிறுவனம் ஒரு கோப்பு அனுப்பும். அதைத் திறந்தால் வரிசை வரிசையாகப் பெயர்களும் எண்களும் இருக்கும்: திறப்பு மின்னழுத்தம், ஆக்சைடின் தடிமன், எலெக்ட்ரான்களின் வேகம், வெப்பத்தோடு அவை மாறும் விதம் என்று நூற்றுக்கணக்கில். தலைப்பில் ஓர் எண் இருக்கும். ஸ்பைஸின் வணிக வடிவமான எச்ஸ்பைஸ் நிரலில் அது லெவல் 54 என்றால் பிசிம்-4, தட்டை டிரான்சிஸ்டர். 72 என்றால் பிசிம்-சி.எம்.ஜி., ஃபின்ஃபெட். உற்பத்தி நிறுவனம் எதுவானாலும் எண்கள்தான் மாறும், அடியில் உள்ள சமன்பாடுகள் அவையேதான். தொழிற்சாலைக்கும் வடிவமைப்பாளருக்கும் இடையே உள்ள ஒப்பந்தமே அந்தக் கோப்புதான் என்று சொல்லலாம்.

இதில் வெளியே தெரியாத ஒரு கைத்திறன் இருக்கிறது. இயற்பியல் சரியாக இருந்தால் மட்டும் போதாது. ஸ்பைஸ் விடையை ஊகித்து, சரிவைப் பார்த்துத் திருத்தி, மறுபடி ஊகித்து நெருங்கும். டிரான்சிஸ்டர் அணைந்த நிலைக்கு ஒரு சமன்பாடு, திறந்த நிலைக்கு வேறொன்று என்று வைத்தால், இரண்டும் சேருமிடத்தில் சரிவு திடீரென்று உடையும். அங்கே நிரல் ஊசலாடி நின்றுவிடும். ஹூவும் பிங் கோ போன்ற சகாக்களும் மாணவர்களும் பிசிம்-3இன் மூன்றாம் பதிப்பில் எல்லா நிலைகளையும் ஒரே வழுவழுப்பான வளைவாக இணைத்தார்கள். 1990களின் நடுவில் தொழில்துறை அதைத் தன் முதல் பொதுத் தரமாக ஏற்றுக்கொண்டது. 2012இல் ஃபின்ஃபெட்டுக்கான பிசிம்-சி.எம்.ஜி.யும் அப்படியே தரமானது.

அதை மூலநிரலோடு இலவசமாகக் கொடுத்தார்கள். உரிமக் கட்டணம் வைத்திருந்தால் கேட்டதைக் கொடுத்திருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் சொந்த மாதிரிக்குள் ஒளிந்துகொண்டிருந்த பழைய நிலை நீடித்திருக்கும். சிறு நிறுவனங்கள் தொழிற்சாலை இல்லாமலே சிப்பு வடிவமைத்துப் பிழைக்க முடிந்ததில் இந்தப் பொதுச்சொத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.

தொழில்துறையில் அவர் நேரடியாக வேலை பார்த்தாரா?

2001 முதல் 2004 வரை டி.எஸ்.எம்.சி.யின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி. 2002இல் அங்கிருந்து 25 நானோமீட்டர் ஃபின்ஃபெட் ஒன்று வெளிவந்தது. அது 0.7 வோல்ட்டில் ஓடியது. அப்புறம் பெர்க்லிக்கே திரும்பிவிட்டார். மாதிரி நிரல் சார்ந்த ஒரு நிறுவனத்தையும் தொடங்கியிருந்தார். 2003இல் சிப்பு வடிவமைப்பு மென்பொருள் நிறுவனமான கேடன்ஸ் அதை வாங்கிக்கொண்டது.

ஆசிரியராக எப்படி?

1997இல் பெர்க்லியின் சிறந்த ஆசிரியர் விருது அவருக்குக் கிடைத்தது. ஆராய்ச்சியில் பெயர் வாங்கியவர்களுக்கு எளிதில் கிடைக்கிற விருது இல்லை அது. அவருடைய பாடநூலைப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எலெக்ட்ரான்களின் ஆற்றல் நிலைகளைக் காட்டும் பட்டைப் படத்தை வரைந்து, எலெக்ட்ரான் எங்கே இருக்கிறது, எதனால் நகர்கிறது என்று காட்டிய பிறகுதான் சமன்பாட்டுக்கு வருவார். திட்டத்தில் உடனிருந்த கிங் லியு பின்னாளில் பெர்க்லிப் பொறியியல் கல்லூரியின் தலைவரானார்.

என்னென்ன விருதுகள்?

நிறைய. முக்கியமானவை இரண்டு. 2014ஆம் ஆண்டுக்கான அமெரிக்கத் தேசியத் தொழில்நுட்பப் பதக்கத்தை 2016இல் வெள்ளை மாளிகையில் ஒபாமாவிடம் பெற்றார். மின் பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ.யின் உயரிய கௌரவப் பதக்கம் 2020இல்.

22, 7, 3 நானோமீட்டர் என்கிறார்களே, டிரான்சிஸ்டரின் எந்தப் பாகம் அந்த அளவு?

எந்தப் பாகமும் இல்லை. ஒரு காலத்தில் அது கேட் நீளத்தைக் குறித்தது. இப்போது தலைமுறைக்கு வைக்கும் பெயர், அவ்வளவுதான். மேலே சொன்ன 22 நானோமீட்டர் தலைமுறையில் கேட்டுக்குக் கேட் இடைவெளி 90 நானோமீட்டர். '3 நானோமீட்டர்' சிப்பிலும் அந்த இடைவெளி 40க்கு மேல்தான். எண்ணைப் பார்த்து அணு அளவுக்கு வந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம்.

ஃபின்ஃபெட்டின் காலம் முடிந்துவிட்டதா?

முன்னணியில் முடிந்துகொண்டிருக்கிறது. சுவரை இன்னும் மெலியவைத்தால் எலெக்ட்ரான்களின் ஓட்டம் தடைபடுகிறது. அடுத்த கட்டம் சுவரைக் கிடைமட்டத் தகடுகளாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றையும் கேட் நாலாபக்கமும் சுற்றிக்கொள்வது. சாம்சங் 2022இல் இதைத் தயாரிப்பில் இறக்கியது, மற்றவர்களும் அதே பாதையில்தான். உருவம் மாறியிருக்கிறது, தத்துவம் அதுவே: கேட்டுக்குத் தொலைவில் சிலிக்கான் இருக்கக் கூடாது. இந்த வகைக்கும் பிசிம்-சி.எம்.ஜி.யே பொருந்துகிறது.

60 மில்லிவோல்ட் எல்லையை யாராலும் தாண்ட முடியாதா?

அந்த எல்லை வெப்பத்திலிருந்து வருகிறது. எலெக்ட்ரான்களின் ஆற்றல் வெப்பநிலைக்கு ஏற்பப் பரவிக் கிடப்பதால், வடிவத்தை எப்படி மாற்றினாலும் சாதாரண டிரான்சிஸ்டர் அதைத் தாண்டாது. 2008இல் சயீஃப் சலாஹுதீனும் சுப்ரியோ தத்தாவும் ஒரு வழி சொன்னார்கள். கேட் அடுக்கில் ஃபெரோஎலெக்ட்ரிக் பொருளை (தானாகவே மின் முனைவு கொண்ட பொருளை) வைத்தால், கொடுத்த மின்னழுத்தத்தைவிடக் கூடுதலான மாற்றம் உள்ளே கிடைக்கும் என்பது அந்த யோசனை. சலாஹுதீனும் இப்போது பெர்க்லியில்தான் இருக்கிறார். ஹூவும் அந்த ஆய்வில் இறங்கினார். இன்னொரு பக்கம், அளவைச் சுருக்கும் முயற்சியாக, 2016இல் மாலிப்டினம் டைசல்ஃபைடு என்ற ஏடு போன்ற பொருளில், ஒற்றைக் கார்பன் நானோகுழாயையே கேட்டாக வைத்து, 1 நானோமீட்டர் கேட் கொண்ட டிரான்சிஸ்டரை அலி ஜாவேயின் பெர்க்லிக் குழு செய்தது. அந்தக் கட்டுரையிலும் ஹூவின் பெயர் இருக்கிறது. அப்போது அவருக்கு வயது 69.

இதையெல்லாம் நானே கொஞ்சம் தொட்டுப் பார்க்க வழி உண்டா?

உண்டு, காசில்லாமலே. என்ஜிஸ்பைஸ் என்ற இலவச நிரலை இறக்கிக்கொள்ளுங்கள். பிசிம்-3, பிசிம்-4 இரண்டும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஒரே ஒரு டிரான்சிஸ்டரை வையுங்கள். டிரெயினில் 50 மில்லிவோல்ட்டை நிலையாக வைத்து, கேட்டைப் பூஜ்யத்திலிருந்து ஒரு வோல்ட் வரை ஏற்றுங்கள். மின்னோட்டத்தை மடக்கை அச்சில் வரையுங்கள். தொடக்கத்தில் ஒரு நேர்கோடு வரும். மின்னோட்டம் பத்து மடங்கு ஏற எத்தனை மில்லிவோல்ட் ஆகிறது என்று அந்தக் கோட்டிலிருந்து படியுங்கள், 60க்கு மேல் ஏதோ ஓர் எண் கிடைக்கும். அப்புறம் டிரெயினை ஒரு வோல்ட்டுக்கு உயர்த்தி மறுபடி ஓட்டுங்கள். கோடு இடப்பக்கம் நகர்ந்திருந்தால், அந்த நகர்வுதான் டிரெயினின் செல்வாக்கு. கேட் நீளத்தைப் பாதியாக்கி இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள், நகர்வு எவ்வளவு கூடுகிறது என்று.